கயிறு உரசும் ஒலி

கப்பல்கள் அணையும் ஜெட்டி மேடையில் அவளை எல்லோரும் காது என்றார்கள். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் காது. காது வந்தாச்சா, காது இன்னிக்கு என்ன சொல்லப்போகுது என்று பேசிக்கொள்வார்கள். அதுவும் அவள் காதில் விழும். விழாமல் எப்படி? கேட்பதற்குத்தானே அவளை வைத்திருந்தார்கள்.

துறைமுகத்தை நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடலடி மண்ணில் நாற்பத்து நான்கு இரும்புத் தூண்கள் இறங்க வேண்டும். நாளுக்கு ஒன்று. பார்ஜ் என்ற தட்டையான மிதவை மேல் நின்ற கிரேனில் லாரி அளவுக்கு ஒரு சுத்தியல் தொங்கியது. ஒரு தூண் இறங்க அது ஆயிரத்து ஐந்நூறு தடவை அடிக்கும். கரையில் நிற்பவர் காதைப் பொத்திக்கொள்ளலாம். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் இன்னும் வேகமாக, இன்னும் தூரமாகப் போகும். அங்கே இருப்பவற்றுக்குப் பொத்திக்கொள்ளக் கை கிடையாது.

அதனால் ஒரு விதி இருந்தது. அடிக்கத் தொடங்கும் முன் அரை மணி நேரம் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட வேண்டும். ஒருவர் தண்ணீரைக் கேட்க வேண்டும். திமிங்கலச் சத்தம் கேட்டால் சிவப்புச் சீட்டு. அன்றைக்கு வேலை இல்லை. கேட்காவிட்டால் பச்சைச் சீட்டு. பச்சை கிடைத்தாலும் முதல் பத்து நிமிடம் மெதுவாகத்தான் தட்ட வேண்டும். ஏதாவது இருந்தால் விலகிப் போகட்டும் என்று. அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் முன் கதவைத் தட்டுவது மாதிரி என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள்.

பார்ப்பதற்கும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருந்தது. பைனாகுலரோடு ஒருவர் வந்தார். இரண்டாம் வாரமே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். கேட்க ஒருத்தி இருக்கிறாள், போதாதா என்று அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அவள் அறை ஒரு பழைய கன்டெய்னர். ஒரு மேசை, ஒரு நாற்காலி, பார்ஜைப் பார்த்து ஒரு ஜன்னல். மைக்கின் கேபிள் தரையில் போட்ட ஓட்டை வழியாகக் கடலுக்குள் இறங்கியது. ஓட்டையைச் சுற்றித் துணி அடைத்திருந்தாள். மேசை மேல் பதிவுக் கருவி, ஹெட்ஃபோன், இரண்டு சீட்டுக் கட்டுகள்.

அதற்கு முன் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடம் மற்றவர்களின் காதைச் சோதித்தவள். ஆளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்பாள். அங்கே ஒன்றைத் தெரிந்துகொண்டாள். கேட்காமலே கை தூக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் தங்கள் காதுக்குள் இரைவதைக் கேட்கிறவர்கள். கேட்டும் தூக்காதவர்களும் உண்டு. அவர்கள் பயந்தவர்கள்.

சுத்தியலை இயக்கியவர் அவள் கணவர். இருபத்தாறு வருடச் சுத்தியல். காதில் பஞ்சு வைத்த காலத்திலிருந்து செய்கிறார். அவர் வீட்டில் டிவியைப் போட்டால் மூன்றாவது வீட்டுக்காரர் தன் டிவியை அணைத்துவிடுவார், இரண்டு எதற்கு என்று. கிரேன் கேபினில் உட்காரக் காதுக்கும் சான்றிதழ் வேண்டும். அடுத்த சோதனையில் அவர் தேறமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இந்த நாற்பத்து நான்கையும் தன் கையால் இறக்கிவிட்டுத்தான் இறங்குவது என்றிருந்தார்.

வாக்கி டாக்கி அவருக்கு உதவாது. எனவே இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். திமிங்கலம் கேட்டால் அவள் ஜன்னலில் கையைத் தூக்குவாள். மேலே கேபினிலிருந்து அவர் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துவிடுவார். அத்தனை வருடம் மற்றவர்களைத் தூக்கச் சொன்ன கை.

முதல் மாதத்தில் ஒன்பது தடவை தூக்கினாள். நீண்ட, கனமான அழைப்பு அது. தொலைவில் எங்கோ இரும்புக் கதவு ஒன்று மெல்லத் திறப்பது போல் இருக்கும். ஒன்பது நாள் வேலை நின்றது. காற்றுக் காலம் தொடங்கும் முன் முடித்தாக வேண்டும். இன்ஜினியர் பேசும்போது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு பேசுவார். கடிகாரம் என்றுதான் அவரைச் சொல்வார்கள். ஒன்பதாவது சிவப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, உங்க காது ரொம்ப நல்ல காது மேடம் என்றார். பாராட்டு இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

டீ நேரத்தில் அடி வாங்கியவர் கணவர்தான். அண்ணே, வீட்லயாவது அக்கா பச்சை குடுக்கறாங்களா என்று ஒருவன் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குக் கேட்கவில்லை. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அவள் அதைப் பார்த்தாள்.

பிறகு அழைப்பு நின்றுபோனது.

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, தொடர்ந்து. போயிருக்கும் என்றார்கள். இவ்வளவு இடி இடித்தால் யார்தான் இருப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். நாளுக்கு ஒரு பச்சை, நாளுக்கு ஒரு தூண். இன்ஜினியர் மணிக்கட்டைப் பார்ப்பது குறைந்தது. கன்டெய்னருக்குள் மின்விசிறி வந்தது. டீ முதலில் அவளுக்குப் போனது.

முழு அமைதி என்று சொல்ல முடியாது. இந்தத் தொடர் பச்சையின் மூன்றாம் நாள் மெலிதாக ஒன்று கேட்டது. தாழ்ந்த, சின்ன முனகல். நின்று, மறுபடியும். எழுந்து வெளியே போய்ப் பார்த்தாள். பார்ஜின் பின்பக்கக் கயிறு ஜெட்டியின் இரும்புக் கட்டையில் உரசிக்கொண்டிருந்தது. தொடை கனம் கயிறு. அலை ஏறும்போது ஒரு முனகல், இறங்கும்போது ஒரு முனகல். திரும்பி வந்து பதிவேட்டில் குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினாள்: கயிறு உரசும் ஒலி. பொருட்படுத்த வேண்டியதில்லை.

அதன் பிறகு கேட்டபோதெல்லாம் அதையே எழுதினாள். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

அப்படி இருபத்து மூன்று பச்சைச் சீட்டு. முதல் மாதத்தில் இறங்கியவற்றோடு சேர்த்து நாற்பது தூண்.

தூண் இறங்கியதும் அதன் அடியைப் பார்த்து வருவது டைவரின் வேலை. டைவர் அவள் தம்பி. தண்ணீருக்குள் பேச முடியாத குறையை வெளியே வந்து தீர்த்துக்கொள்கிறவன். மேலே வந்து முகமூடியைக் கழற்றும் முன்பே யாரையாவது வம்புக்கு இழுப்பான். மாமா, நீங்க அடிச்ச அடில மீனெல்லாம் கீழ வரிசைல நிக்குது, உங்க மேல புகார் குடுக்க, என்பான். இவரும் சளைக்காமல், உன் அக்காகிட்ட சொல்லு மாப்ள, அவதான் அதுங்களுக்கு வக்கீல், என்பார்.

நாற்பதாவது தூணைப் பார்க்கப் போனவன் சீக்கிரம் வந்துவிட்டான். ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தான். யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை. அவள் கிட்டே போனாள்.

"அக்கா, கீழ ஒரு குழந்தை இருக்கு."

பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த டீயைக் கொட்டிவிட்டான். இன்ஜினியர் ஓடி வந்தார்.

"திமிங்கலக் குட்டி," என்றான் தம்பி. "பழைய ஜெட்டி மரத்தூண் இருக்குல்ல, அதுக்கு நடுவுல. உள்ள பூந்திருக்கு. வெளிய வர முடியல போல. செத்துக் கெடக்கு."

பழைய ஜெட்டியின் மரத்தூண்கள் ஒரு பக்கமாகக் கூட்டமாக நின்றன. ஒதுங்க வேண்டுமென்றால் அங்கேதான் ஒதுங்கலாம். கதவைத் தட்டினால் வெளியே போவார்கள் என்று விதி எழுதியவர் நினைத்துக்கொண்டார். உள்ளே போய் ஒளிகிறவர்களைப் பற்றி அவர் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை குட்டியைத் தூக்கினார்கள். அதற்கும் அதே கிரேன்தான். சுத்தியலைக் கழற்றி வைத்துவிட்டு, தம்பி கீழே போய்ப் பட்டை கட்டினான். கணவர் கேபினிலிருந்து அவ்வளவு மெதுவாக எதையும் இறக்கி யாரும் பார்த்ததில்லை. கான்கிரீட்டில் அது படுத்த சத்தம்கூட வரவில்லை. இரண்டு ஆள் நீளம் இருந்தது. உடம்பில் ஒரு காயம் கிடையாது. தோல் ஈரமாக, புதுசாக இருந்தது.

கால்நடை மருத்துவர் வந்தார். இறந்து மூன்று நான்கு நாள் இருக்கும் என்றார். மண்டைக்குள்ளிருந்து எதையோ வெட்டியெடுத்து ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டார். சிப்பி மாதிரி, உள்ளங்கை அளவு எலும்பு. அதைச் சுற்றி ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. என்ன என்று தம்பி கேட்டான். மருத்துவர் பதில் சொல்லும் முன் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் ஒரு சுருள் இருக்கும். ஆஸ்பத்திரிச் சுவரில் பத்தொன்பது வருடம் அவளுக்கு எதிரே மாட்டியிருந்த காதுப் படத்தில் இருந்த அதே சுருள்.

சனிக்கிழமை அதிகாரிகள் இரண்டு பேர் வந்து சீட்டுகளைப் பார்த்தார்கள். இருபத்து மூன்றும் வரிசையாக இருந்தன. தேதி, நேரம், கையெழுத்து. ஒரு பிழையும் இல்லை என்றார்கள். திங்கட்கிழமை முதல் வழக்கம்போலத் தொடரலாம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பதிவுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேசையில் கருவியை வைத்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். டிவியை அணைக்கச் சொல்லிக் கணவருக்குச் சைகை காட்டினாள். அணைத்துவிட்டு, மாலை நடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை.

சத்தத்தைக் கூட்டி வைத்து, ஒவ்வொரு அரை மணியையும் ஓட்டி ஓட்டி, முனகல் வரும் இடங்களை மட்டும் கேட்டாள். பக்கத்தில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். இருந்தது கயிறுதான். கயிறு, கயிறு, கயிறு. அவள் எழுதியபடியே.

ஒன்பதாவது பச்சைச் சீட்டில் நிறுத்தினாள். குறிப்புக் கட்டத்தில் இரண்டு வரி இருந்தது. முதல் வரி: பார்ஜ் டீசல் நிரப்பச் சென்றுள்ளது, திரும்பியதும் பணி. இரண்டாவது வரி: கயிறு உரசும் ஒலி.

இரண்டும் அவள் கையெழுத்து. அடுத்தடுத்த வரி.

அன்றைக்குப் பார்ஜ் இல்லை. பார்ஜ் இல்லாத ஜெட்டியில் கயிறு எங்கிருந்து வந்தது?

பதினாறாவது சீட்டிலும் அப்படியே. அன்றும் டீசல். அன்றும் கயிறு.

முதலிலிருந்து மறுபடி கேட்டாள். இப்போது கயிறாகக் கேட்கவில்லை. தாழ்ந்த முனகல் ஒன்று. பிறகு ஓர் இடைவெளி. பிறகு அதைவிட மெல்லிய, கீச்சென்ற ஒன்று. மறுபடி முனகல். மறுபடி மெல்லியது. பக்கத்து அறையில் தூங்குகிறவரை எழுப்பாமல் இரண்டு பேர் பேசிக்கொள்வது போல். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கூண்டுக்குள் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்த பயந்த பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

போகவில்லை. தாயும் குட்டியும் இருபத்து மூன்று நாளும் கீழேயே இருந்திருக்கின்றன. இருப்பது தெரியக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டிருக்கின்றன. அவள் அதைக் கேட்டு, எழுதி, பச்சை கிழித்துக் கொடுத்திருக்கிறாள்.

கடைசி மூன்று பதிவுகளில் மெல்லியது இல்லை. தாழ்ந்த முனகல் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு இடைவெளி, பதில் வரும் அளவுக்கு. பிறகு முனகல். பிறகு அதே அளவு இடைவெளி.

கணவர் திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் விளக்குப் போடவில்லை. அவரும் போடவில்லை.

திங்கட்கிழமை காலை பதிவேட்டை எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் போனாள். ஒன்பதாம் சீட்டைக் காட்டினாள், பதினாறைக் காட்டினாள். பார்ஜ் இல்லாத நாள் என்றாள். அவர் நிதானமாகப் படித்தார். கெட்டவர் இல்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் உள்ளவர், குட்டியைத் தூக்கிய அன்று சாப்பிடாதவர்.

"கயிறுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க மேடம்."

"தப்பா எழுதிட்டேன்."

"அப்ப இருபத்து மூணு சீட்டும் தப்பா?"

அவள் ஆமாம் என்றாள். அவர் பதிவேட்டை மூடி அவளிடமே கொடுத்தார். இது என் கையில் இல்லை, மேலே எழுதுகிறேன், பதில் வர நாள் ஆகும் என்றார். அதுவரை விதிப்படி கேளுங்கள், கேட்டால் சிவப்பு, கேட்காவிட்டால் பச்சை, நான் தலையிடமாட்டேன் என்றார். மணிக்கட்டைப் பார்க்காமல் சொன்னார்.

அரை மணி தொடங்கியது. ஹெட்ஃபோனை மாட்டினாள். உடனே கழற்றிவிட்டாள்.

அவ்வளவு பலமாக இருந்தது. அதே நீண்ட அழைப்பு. ஆனால் தொலைவில் இல்லை, ஜெட்டிக்குக் கீழேயே. ஒன்று முடிந்ததும் இன்னொன்று. குரலைத் தாழ்த்திக்கொள்ள இப்போது காரணம் எதுவும் இல்லை. ஒளித்து வைத்திருந்ததை வெள்ளிக்கிழமை பட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் கையைத் தூக்கினாள். சிவப்பு.

செவ்வாய் சிவப்பு. புதன் சிவப்பு. விதி இப்போது ஒழுங்காக வேலை செய்தது.

புதன்கிழமை ஜெட்டியில் வேறு மாதிரிப் பேச்சு. குற்ற உணர்ச்சியில் காது இல்லாததைக் கேட்கிறது என்றார்கள். அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்திருக்கும், இன்ஜினியர் வந்து ஹெட்ஃபோனை மாட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால். அவர் ஒரு நிமிடம் கேட்டார். கழற்றி மேசையில் வைத்தார், கண்ணாடிப் பாத்திரத்தை வைப்பது போல. சரி என்றார். வெளியே போய் ஆட்களிடம், கேட்குது, எனக்கும் கேட்குது, போய் வேற வேலை பாருங்க என்று சத்தம் போட்டார்.

வியாழக்கிழமை கணவர் கேபினிலிருந்து இறங்கி கன்டெய்னருக்கு வந்தார். இத்தனை நாளில் உள்ளே வந்ததில்லை. மின்விசிறியைப் பார்த்தார், துணி அடைத்த ஓட்டையைப் பார்த்தார். அவள் எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். ஹெட்ஃபோனை எடுத்து அவர் காதில் மாட்டினாள்.

கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் காது மெல்லிய சத்தங்களைத்தான் இழந்திருந்தது. குக்கர் விசில், பறவை, ஃபோன் மணி, அவள் குரல். கனத்த சத்தங்கள் இன்னும் மீதி இருந்தன.

அவர் முதலில் அசையவில்லை. பிறகு மெல்ல வலது கையைத் தூக்கினார். ஆஸ்பத்திரியில் தூக்குவார்களே, அப்படி, தோள் உயரத்துக்கு. அழைப்பு முடிந்ததும் இறக்கினார். அடுத்தது வந்ததும் தூக்கினார். ஐந்தாறு தடவை அப்படிச் செய்தார். பிறகு தானே கழற்றினார்.

"நான் பாத்தேன்," என்றார்.

அவள் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, உதடு தெரியும்படி கேட்டாள். "எதை?"

"ரெண்டையும். மேல இருந்து தெரியும். அலை தடுக்கற கல்சுவர் ஓரமா வரும். ஒரு பெருசு, ஒரு சிறுசு. மூச்சு விட்டுட்டு உடனே போயிடும். ரொம்ப நாளா பாத்தேன்."

"ஏங்க சொல்லல?"

"நீ பச்சை குடுத்துட்டே. உன் காதுக்கு மேல என் கண்ணா?"

அவர் ஹெட்ஃபோன் வயரைக் கையில் சுற்றினார், பிரித்தார்.

"கொஞ்சம் தூண்தான் பாக்கின்னு நெனச்சேன்," என்றார்.

இரண்டு காரணமும் உண்மைதான். எது முதலில் வந்தது என்று அவள் கேட்கவில்லை. வேறு ஒன்று சொன்னாள்.

"ஒரு கை தூக்கியிருக்கலாமே."

அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. உதட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வீட்டில் டிவி ஓடவில்லை. மூன்றாவது வீட்டுக்காரர் வந்து, ரிப்பேரா என்று விசாரித்துவிட்டுப் போனார். சாப்பிடும்போது தட்டுச் சத்தம் மட்டும் இருந்தது. அவள் குளியலறைக் குழாயைத் திறந்தால் அதற்குள் கேட்டது. நாற்காலியை நகர்த்தினால் கேட்டது. படுக்கையில் அவர் புரண்டால், கட்டில் மரம் முனகினால், எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு முனகலுக்குப் பிறகும் ஒரு பதில் வரும் நேரத்தை மனசுக்குள் விட்டுவிட்டுத்தான் அவளால் அடுத்த காரியத்தைச் செய்ய முடிந்தது.

பதினொரு சிவப்புச் சீட்டு. பன்னிரண்டாம் நாள் அழைப்பு இல்லை.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதல் ஐந்து நிமிடம் அவள் நம்பவில்லை. பத்து நிமிடம். பதினைந்து. தண்ணீர் மட்டும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் எழுந்து நின்றார்கள். காற்று மாறத் தொடங்கியிருந்தது. இந்த வாரம் விட்டால் அந்த நான்கு தூண்களும் அடுத்த வருடம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடம் கேபினில் வேறு யாராவது இருப்பார்கள். மேலே கணவர் சாவியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

இருபதாவது நிமிடம் கேட்டது.

தாழ்ந்த முனகல். இடைவெளி. முனகல்.

ஜன்னல் வழியே பார்த்தாள். பார்ஜ் கட்டித்தான் இருந்தது. பின்பக்கக் கயிறு இரும்புக் கட்டையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அலை ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. கயிறாக இருக்கலாம். கயிறாகத்தான் இருக்கும். போய்விட்ட ஒன்றுக்காக ஓர் ஊரின் வேலையை எத்தனை நாள் நிறுத்துவாள்? இருக்கிற ஒன்றைக் கயிறு என்று இன்னொரு தடவை எழுத அவளால் முடியுமா?

ஹெட்ஃபோனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். இன்ஜினியர் எதிரே வந்தார்.

"பச்சையா?"

"கயிற அவுக்கச் சொல்லுங்க."

"எந்தக் கயிற?"

"எல்லாத்தையும். பார்ஜ அந்தப் பக்கம் தள்ளிக் கொண்டுபோய் விடுங்க. நங்கூரம் போட வேண்டாம், சங்கிலி சத்தம் வரும். இழுவைப் படகும் அணைச்சுட்டு நிக்கட்டும். சும்மா மிதக்கட்டும். நான் மறுபடி அரை மணி கேக்கறேன்."

அவர் கை தானாக மணிக்கட்டுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. திரும்பி ஆட்களிடம் அவிழ்க்கச் சொன்னார். யாரோ ஒருவன் எதையோ முணுமுணுத்தான். தம்பி அவனைப் பார்த்தான், முணுமுணுப்பு நின்றது. தம்பிதான் முதல் கயிற்றை அவிழ்த்துத் தண்ணீரில் படாமல் சுருட்டிக் கரையில் போட்டான். நான்கு கயிறு. நான்காவது கழன்றதும் ஜெட்டி வெறுமையாக இருந்தது.

இழுவைப் படகு பார்ஜைக் கல்சுவருக்கும் ஜெட்டிக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது. இன்ஜின் அணைந்தது. உயரத்தில் கேபினில் கணவரின் தலை சின்னதாகத் தெரிந்தது. ஜெட்டியில் இருந்தவர்கள் சொல்லாமலே உட்கார்ந்தார்கள். ஒருவன் இருமலைக் கைக்குள் அடக்கினான்.

அவள் கதவைச் சாத்தினாள். மின்விசிறியை அணைத்தாள். பதிவேட்டைத் திறந்து நேரத்தை எழுதினாள். ஹெட்ஃபோனை மாட்டினாள்.

பத்து நிமிடம் தண்ணீர்.

இருபது நிமிடம் தண்ணீர்.

பச்சைக் கட்டின் மேல் கையை வைத்தாள். இருபத்தெட்டாவது நிமிடம்.

கயிறு உரசியது.

மெலிதாக, தாழ்வாக. யாரையும் எழுப்பாத குரல். பிறகு இடைவெளி. அதன் அளவு அவளுக்கு மனப்பாடம். பிறகு மறுபடி.

ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். தன் காதுக்குள் இரைவதாக இருக்கலாம். கேட்காமலே கை தூக்குகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்கள் யாரும் பொய் சொன்னதில்லை, உண்மையிலேயே கேட்டவர்கள். பதிவுக் கருவியின் திரையில் ஓடும் கோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் அதைப் பார்க்கவில்லை. கையைத் தூக்குவதற்காக ஜன்னலைப் பார்த்தாள்.

கேபினில் அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவள் பக்கம் பார்க்கவில்லை. கல்சுவர்ப் பக்கம், கீழே, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கை ஏற்கெனவே உயர்ந்திருந்தது.